பதினோரு தட்டு பேக்கன் பிஸ்கட்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஆபீஸில் தணிக்கை. வந்திருந்த மராத்திக்கார அம்மையார் என் நோட்டுப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். அந்தத் தாள் முழுக்கக் கொழுப்பு ஊறி, பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரிந்தது. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். புகை வாசனை இன்னும் போகவில்லை போல.

"யே கிஸ் கிளையண்ட் கா ஹை?" என்றார். எந்த வாடிக்கையாளருடையது என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல? பன்றிக் கொழுப்பு மேடம். என் நண்பனுடையது மேடம். அவன் போய் எட்டு மாதம் ஆகிறது மேடம். "மேரா ஹை. பர்சனல்" என்றேன், என்னுடையது என்று.

அந்தத் தாளில் ஒரு அட்டவணை. உப்பு, வெல்லம், மிளகு, சூடு, நேரம், மதிப்பெண். பதினோரு வரிசை. அவர் ஒரு நிமிஷம்கூடப் பார்த்திருக்க மாட்டார். பார்த்துவிட்டு ஒரே ஒரு வரி சொன்னார். அந்த வரிதான் ஆறு நாளாக என்னைத் தின்கிறது. அதற்காகத்தான் உனக்கு எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தாலும் இதைப் படித்திருக்க முடியாது. இந்த மராத்தி ஊரில், தாபோடியில் பிறந்து வளர்ந்த உனக்குத் தமிழ் வாயில் மட்டும்தான். நான்தான் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். நீயும் பாதியில் "ஷார்ட்டா சொல்லுடா" என்றிருப்பாய். சுருக்கமாக வராது. வரிசையாக எழுதினால்தான் எனக்கே விளங்கும்.

விமான் நகரில் மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். நீ ஒரு ஹோட்டலின் பேக்கரியில். நான் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய் அங்கே இருக்கிற வெப்பமானியும் தராசும் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறவன். கோயமுத்தூரிலிருந்து வந்த புதிதில் எனக்குப் பன்றிக்கறி என்றால் என்னவென்றே தெரியாது. உனக்கு லீவு நாள் ஒன்றில், கேம்ப் ஏரியாவில் உறையவைத்த கறி விற்கும் கோல்டு ஸ்டோரேஜ் கடையிலிருந்து ஒரு பாக்கெட் பேக்கன் வாங்கி வந்தாய். உப்பும் புகையும் ஏறிய கறி, நாடா நாடாவாக, பாதி சிவப்பு பாதி வெள்ளை. ஒவ்வொரு நாடாவையும் இரண்டாக வெட்டி, உப்பு பிஸ்கட்டின் இடுப்பில் வேட்டி கட்டுவதுபோல் சுற்றினாய். பொடித்த வெல்லம், மிளகு, கொஞ்சம் மிளகாய்த்தூள் கலந்து மேலே அழுத்தினாய். கம்பித் தட்டில் அடுக்கி, கொழுப்பு சொட்டுவதற்கு அடியில் இன்னொரு தட்டு. ஓவனை நூற்றிருபதில் வைத்துவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்துவிட்டாய்.

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம்."

"எதுக்குடா? எரநூறுல வெச்சா இருவது நிமிசத்துல வெந்துரும்."

"வெச்சிப் பாரேன், சைன்டிஸ்ட்."

பாதியை எடுத்து, ஓவனை இருநூறுக்கு ஏற்றி முதலில் நான் வைத்தேன். வெல்லம் கருகியது. பேக்கன் உள்ளே சவ்வாகவே இருந்தது. பிஸ்கட் கொழுப்பில் ஊறிக் களியாகிவிட்டது. நீ ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தாய். "இன்னாடா இது, ஸ்கூட்டர் டயரா? பஞ்சர் கடைக்காரன்கிட்ட குடு, யூஸ் பண்ணிக்குவான்." பிறகு உன்னுடையது வந்தது. கடித்தால் பக்கத்து ரூமுக்குக் கேட்டது. நான் எட்டு துண்டு தின்றேன். "தண்ணி போவணும், கொழுப்பு உருகணும், பிஸ்கட்டு அதக் குடிச்சிட்டு திரும்பக் காயணும். அதுக்கெல்லாம் உன் மேனேஜர் யாருன்னு தெரியாதுடா" என்றாய். நான் தலையாட்டினேன். கற்றுக்கொள்ளவில்லை.

பிறகு உன் ரத்தம் கெட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உன் உடம்பில் நடந்தது உனக்குத் தெரியும். வேலையை விட்டுத் தாபோடிக்கு அம்மாவிடம் போனாய். இரண்டு சுற்று மருந்து ஏறியது. மூன்றாவதற்கு முன்னால் டாக்டர் உன்னைத் தராசில் நிறுத்தினார். நாற்பத்தைந்து கிலோ எண்ணூறு கிராம். மூன்று வாரத்தில் நாற்பத்தெட்டுக்கு வந்தால்தான் அடுத்த சுற்று, இல்லாவிட்டால் உடம்பு தாங்காது என்றார். வெளியே வந்து பார்க்கிங்கில் நின்றுகொண்டு நான் கணக்குப் போட்டேன். இரண்டு கிலோ இருநூறு. இருபத்தோரு நாள். ஒரு நாளைக்கு நூற்றைந்து கிராம். முடியக்கூடிய எண்தான் என்று எனக்குத் தோன்றியது. எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அதுதான் என் வியாதி.

ஆனால் நீ சாப்பிடவில்லை. அம்மா கஞ்சி வைத்தார், பாயா வைத்தார், முட்டையைப் பாலில் அடித்துக் கொடுத்தார். எல்லாம் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. "வாயில ஆணி வெச்சி சப்புற மாதிரி கீதும்மா." அம்மா கையில் கிண்ணத்தோடு, "ஒரே வாய் துன்னுடா, ஏசப்பா பேரச் சொல்லி ஒரே வாய்" என்று கெஞ்சுவார். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாய். நான்காம் நாள், சுவரைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டாய்: "அந்த பிஸ்கட்டு பண்றியாடா?"

ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகருக்குப் போன் போட்டேன். பேக்கனா என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், நன்றாக வெந்து, அன்றைக்கே செய்ததாக இருந்தால் கொடுங்கள், இப்போதைக்கு எதைச் சாப்பிட்டாலும் சரி என்றார். மறுநாள் மத்தியானம் ஓவனை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஏரவாடா சிக்னலில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "டிவி ஹை க்யா, பாய்?" என்றார், டிவியா என்று. ஆமாம் என்றேன். விளக்கம் சொல்ல நேரமில்லை. எனக்கு எதற்குமே நேரமில்லை.

அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், கடைசியில் தினமும். அரை நாள் லீவு போட்டு வருவேன். ஒவ்வொரு தட்டுக்கும் நோட்டில் ஒரு வரிசை. உப்பு எத்தனை கிராம், வெல்லம் எத்தனை கிராம், எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம். பத்துக்கு எவ்வளவு என்று நீ சொல்ல வேண்டும். முதல் நாள் நான்கு என்றாய். இரண்டாம் நாள் மூன்று. மூன்றாம் நாள் உப்பைக் குறைத்தேன், மூன்று. நான்காம் நாள் வெல்லத்தைக் கூட்டினேன், மூன்றரை. "அரை எதுக்கு?" என்றேன். "நீ ஆட்டோவுல வந்ததுக்கு" என்றாய். ஒரு துண்டு, ஒன்றரைத் துண்டு. அதற்குமேல் போகவில்லை, ஆனால் அது உள்ளே தங்கியது, பின்னாலேயே அம்மாவின் கஞ்சியும் கொஞ்சம் தங்கியது. எல்லாம் நூற்றுத் தொண்ணூறு டிகிரி, இருபத்தைந்து நிமிஷம். திரும்பிப்போய் ரிப்போர்ட் அனுப்ப வேண்டுமே.

ஐந்தாம் தட்டு. தட்டை உள்ளே தள்ளி ஓவனை நூற்றிருபதில் வைத்துவிட்டு, சூடேறியதும் நூற்றுத் தொண்ணூறுக்கு ஏற்றலாம் என்றிருந்தேன். அதற்குள் ஒரு வாடிக்கையாளர் போனில் பிடித்துக்கொண்டார். மாடிக்குப் போனவன் அவரோடு சண்டை போட்டு முடித்துக் கீழே வர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. கெட்டது என்று ஓடிவந்து திறந்தேன். நீ அன்றைக்கு ஏழு துண்டு சாப்பிட்டாய். அம்மா வாசற்படியில் நின்று வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தார். ஏழாவதை நீ காதருகே வைத்து நகத்தால் தட்டினாய்.

"கேளு. டக்குன்னு கீது பாரு."

"மொதல்ல தின்னு. அப்பறம் தபலா வாசி. மார்க்கு?"

"எட்டு."

எட்டு! நான் எழுதினேன்: உப்பு நான்கு கிராம், வெல்லம் முப்பது கிராம். அடியில் இரண்டு கோடு போட்டேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். நேரக் கட்டத்திலும் நூற்றிருபது நிமிஷம் என்று எழுதினேன். எழுதினேன், அவ்வளவுதான். பார்க்கவில்லை.

ஆறாம் தட்டு. அதே நான்கு, அதே முப்பது, மில்லிகிராம் தராசில் நிறுத்தது. நூற்றுத் தொண்ணூறு டிகிரி, இருபத்தைந்து நிமிஷம். நீ ஒன்றைக் கடித்தாய். மென்றுகொண்டே இருந்தாய். மீதியைத் தட்டில் வைத்தாய்.

"மூணு."

"என்றா வெளையாடறியா? அதே உப்பு, அதே வெல்லம். முந்தாநேத்து எட்டு, இன்னிக்கு மூணு எப்பிடி வரும்? சரியா யோசிச்சு சொல்லு."

"நாக்குடா இது. உன் மீட்டர் இல்ல."

"மீட்டரா இருந்தாத் தூக்கிப் போட்டிருப்பேன்."

"இதுல சத்தமே இல்லடா."

"சத்தத்தயா திங்கப் போற?"

இதை நான் சொன்னேன். வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. தலையில் ஒரு முடி இல்லாமல், விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய உட்கார்ந்திருந்தவனிடம் சொன்னேன். நீ சிரித்தாய். சிரித்துவிட்டு இன்னொரு கடி கடித்தாய், எனக்காக.

அதற்கப்புறம் நான் வெறி பிடித்தவன்போல உப்பையே மாற்றிக்கொண்டிருந்தேன். இந்துப்பு போட்டேன், தேன் தடவினேன், வெல்லத்துக்குப் பதில் பழுப்புச் சர்க்கரை. ஏழாம், எட்டாம், பத்தாம், பதினோராம் தட்டு, எல்லாம் மூன்றும் நான்கும்தான். நடுவில் ஒன்பதாம் தட்டு மட்டும் மறுபடி எட்டு. அன்றைக்கும் நூற்றிருபதில் இருந்த ஓவனை ஏற்றுவதற்குள் அம்மா மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். கடையில் இல்லாத மருந்துக்கு நாலு கடை அலைந்துவிட்டு வந்தேன். நீ ஆறு துண்டு தின்றாய். "இன்னிக்கு சவுண்டு சூப்பர்" என்றாய். நான் தேனைக் குறித்துக்கொண்டேன்.

இருபத்தோராம் நாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நம் டோக்கனுக்குக் காத்திருந்தோம். என் பையில் வேலைக்கான பித்தளை எடைக்கற்கள் இருப்பது உனக்குத் தெரியும்.

"ரெண்டு கல்லு பாக்கெட்ல போடுடா."

"போட முடியாது."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"மருந்தோட அளவே எடைய வெச்சுத்தான் போடுவாங்க. பொய் எடைக்கு மருந்து ஏறுனா செத்துப் போவ."

"இப்ப மட்டும்?" என்றாய்.

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். நம் டோக்கனைக் கூப்பிட்டார்கள். தராசு நாற்பத்தேழு கிலோ அறுநூறு காட்டியது. நானூறு கிராம் குறைவு. பத்து நாள் தள்ளிப்போட்டார்கள். நீ கூட்டிக்கொண்ட ஒரு கிலோ எண்ணூறையும் அம்மா அந்த வராந்தாவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், ஏதோ நீ பரீட்சையில் பாஸானதுபோல. ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் நீ இல்லை.

கல்லைப் போடாததற்கு நான் வருத்தப்படவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் போட மாட்டேன். இதைச் சொன்னால் கல்நெஞ்சன் என்பார்கள், சொல்லட்டும். எட்டு மாதமாக என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த ஒரு நியாயம்தான். அளவில் நான் பொய் சொல்லவில்லை. என்னால் செய்ய முடிந்ததை எல்லாம் அளந்து அளந்து செய்தேன், உன் நாக்கு ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மையார் பென்சிலால் ஐந்தாம் வரிசையையும் ஒன்பதாம் வரிசையையும் தொட்டார். "நமக் ஸே குச் நஹீ ஹோ ரஹா. ரீடிங் தோ டைம் கே சாத் ஜா ரஹீ ஹை." உப்பால் ஒன்றும் மாறவில்லை, எண் நேரத்தோடுதான் போகிறது. பிறகு கேட்டார், இந்த மதிப்பெண் எதை அளந்தது என்று. ருசியை என்று சொல்லப் போய் நிறுத்திக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

நேற்று தாபோடிக்குப் போனேன். அம்மா உன் சட்டையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நோட்டை அவர் மடியில் வைத்துக் கேட்டேன்.

"ஏனுங்கம்மா, அவனுக்கு ருசி தெரிஞ்சுதுங்களா?"

அவர் கீரையைக் கீழே வைத்தார். "ரெண்டாவது மருந்து ஏத்தனதுமே போயிடுச்சிப்பா. உப்பும் தெரியாது, இனிப்பும் தெரியாது. ஆணி சப்புறாப்புல ஒரே மாதிரின்னுவான். பல்லுக்குத்தான் தெரிஞ்சிது. கடிச்சா சத்தம் வந்தா, துன்ன மாதிரி கீதும்மான்னுவான்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லுல?"

"நான் சொல்றேன்னுதாம்பா சொன்னேன். வேணாம்னுட்டான். ருசியே தெரியாதவனுக்கு எதுக்கு செய்யணும்னு நீ வர்றத உட்டுடுவியாம். அவனுக்கு டைம் வேஸ்டானா புடிக்காதும்மான்னான்."

அடப்பாவி. ஒரே ஒரு வாக்கியம். எனக்கு ருசி தெரியவில்லை, மொறுமொறுப்பு மட்டும்தான் தெரிகிறது. இதைச் சொல்ல உனக்கு எத்தனை விநாடி ஆகியிருக்கும்? சொல்லியிருந்தால் உப்பை அப்படியே விட்டிருப்பேன். பதினோரு தட்டும் இரண்டு மணி நேரம் இருந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஆறோ ஏழோ தின்றிருப்பாய். நேற்றெல்லாம் உன்னைத் திட்டித் தீர்த்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துபோய் நின்றுகொண்டார்.

ஆனால் நீ சொல்லாமல் இல்லையே. டக்குன்னு கீது என்றாய். சத்தமே இல்லை என்றாய். சவுண்டு சூப்பர் என்றாய். மூன்று முறை. இதற்குமேல் எப்படிச் சொல்வது? நான் கேட்ட கேள்வி ஒன்று, நீ சொன்ன பதில் வேறு. பதிலை எடுத்து என் கேள்விக்குக் கீழே எழுதிக்கொண்டேன். நான் வருவதை நிறுத்திவிடுவேன் என்று நீ பயந்தாயே, அது பொய்ப் பயம். நிறுத்தியிருக்க மாட்டேன். ஆனால் நீ அப்படிப் பயப்படுகிற மாதிரிதான் நான் உன் கட்டிலருகே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை இல்லை என்று சொல்ல முடியாது.

ஒன்பது தட்டு வீணாகாமல் இருந்திருந்தால் அந்த நானூறு கிராம் ஏறியிருக்குமா? ஏறியிருந்தால் மருந்து போட்டிருப்பார்கள். போட்டிருந்தால் காய்ச்சல்? டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாது, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றார். அலட்டிக்கொள்கிறேனா என்று நான் கேட்கவில்லையே. "ஆமாம், உன்னால்தான்" என்றாவது யாராவது என்னிடம் சொல்லித் தொலைக்கலாம். சொல்ல மாட்டேன் என்கிறார்கள். எல்லோரும் என்னிடம் அன்பாகப் பேசுகிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்று காலை சாக்கனில் வேலை. பெயின்ட் உலர்த்தும் பெரிய ஓவன் ஒன்றைச் சோதிக்க வேண்டும். எல்லாப் புள்ளியிலும் சூடு சரியாக இருந்தது. சான்றிதழில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். வெளியே எங்கள் ஆபீஸ் கார் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்க்கும் வயதான ஆபரேட்டர் மெதுவாக வந்து, "ஸாஹேப், ஆவாஜ் பரோபர் நாஹி" என்றார். சத்தம் சரியில்லையாம். முன்பெல்லாம் எண் சரியாக இருக்கிறது, அதுதான் முக்கியம் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருப்பேன். பேனாவை மூடினேன். ஓவனின் பக்கத் தகட்டில் காதை வைத்தேன். தகடு சுட்டது. ஒன்றும் வித்தியாசமாகக் கேட்கவில்லை. விசிறியைக் கழற்றிப் பார்த்தேன், எதுவுமில்லை. மாட்டிவிட்டு மறுபடி காதை வைத்தேன். நாற்பது நிமிஷம் போனது. கார் போய்விட்டது. அவருக்கே சங்கடமாகிவிட்டது. "ஜாஊ த்யா, ஸாஹேப்" என்றார், விடுங்கள் என்று.

"நீங்க என்ன கேட்டீங்கன்னு இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன், என் உடைந்த இந்தியில். அவர் வாயால் அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினார். புரியவில்லை. திரும்பவும் செய்து காட்டச் சொன்னேன். மூன்றாவது முறையும் செய்து காட்டினார். அப்போதும் எனக்கு அது கேட்கவில்லை. காதை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.